கம்பிக்கு ஊட்டும் மின்சாரம்



மின்சாரத்தைக் கொண்டு செல்வது கம்பி என்பதை நாம் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். பிறருக்காக மின்சாரத்தைச் சுமந்து செல்லும் அந்தக் கம்பிக்கே தனியாக மின்சாரம் ஊட்டவேண்டிய நிலையும் உண்டு என்று யாரேனும் சொன்னால் நமக்கு வியப்பாக இருக்கும். ஊர் முழுவதற்கும் நெல் மூட்டை சுமக்கும் ஆளுக்கும் பசி உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுவதில்லையா? இதுவும் அப்படிப்பட்ட ஒரு மறதிதான். அந்த மறதியால் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தை முதலில் சொல்லி, பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நான் சென்றிருந்தேன். அப்பள்ளியின் மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கால் மணி நேரம் ஓடக்கூடிய ஒரு படத்தைத் தாமே எடுத்திருந்தார்கள். ஏரி நிறைந்திருந்த காலத்தை நினைவில் வைத்திருந்த முதியவர்கள் சிலரைப் பேசச் செய்து அதில் பதிவு செய்திருந்தார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒரு பாட்டியும் தம்மைத் திரையில் காணும் ஆவலோடு முன் வரிசையில் வந்து அமர்ந்திருந்தார். மேடையோரத்தில் கணினி, மண்டபத்தின் பின்புறம் ப்ரொஜெக்டர், இரண்டையும் இணைக்க 15 மீட்டர் நீளமுள்ள ஒரு புதிய கேபிள். எல்லாம் ஆயத்தமாகிவிட்டது. ஆனால் திரையில் படம் வரவில்லை.

விஷயம் தெரிந்தவன் என்று என்னை அழைத்தார்கள். நான் கணினியைப் பார்த்தேன்; ப்ரொஜெக்டரைப் பார்த்தேன்; இரண்டும் நன்றாக இருந்தன. "கேபிள் பழுதாகிவிட்டது, எடுத்து எறிந்துவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். வேறு கேபிளுக்கு ஆள் அனுப்பினார்கள். அரை மணி நேரம் கழிந்தது. பிறகு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கேபிளின் ஒரு முனையிலிருந்து வால் போலத் தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய கம்பி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இதை எங்கே செருகவேண்டும்?" என்று கேட்டாள். அதைக் கணினியின் மற்றொரு துளையில் செருகினோம். அடுத்த நொடியே திரையில் ஏரி தோன்றியது. மண்டபம் ஆரவாரித்தது. ஆனால் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அந்தப் பாட்டி அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார்.

விழா முடிந்ததும் அந்த மாணவி என்னிடம் வந்தாள். "கம்பி வெறும் கம்பிதானே ஐயா? அதற்கு எதற்குத் தனியாக மின்சாரம்?" என்று கேட்டாள். அன்று அவசரத்தில் அரைகுறையாக ஏதோ சொன்னேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழு விடையே இன்றைய பேச்சு.

முதலில் இக்கம்பியின் வேலை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கணினியையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் இவ்வகைக் கேபிளுக்கு எச்.டி.எம்.ஐ. என்று பெயர். ஏழு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் முதல் இலக்கணத்தை வெளியிட்டன. இன்று 'நான்கு கே' என்று வழங்கும் காட்சித் திரையில் குறுக்கே 3,840 புள்ளிகளும் நெடுக்கே 2,160 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். பிட் என்பது ஒன்று அல்லது பூஜ்யம் என்னும் ஒரேயொரு குறி. அசைவு இயல்பாகத் தோன்ற, நொடிக்கு 60 படங்கள் மாறவேண்டும். இவற்றையெல்லாம் பெருக்கிப் பாருங்கள்: நொடி ஒன்றுக்குச் சுமார் 1,200 கோடி பிட்டுகள் வருகின்றன.

2017-ஆம் ஆண்டில் வெளியான 2.1 என்ற பதிப்பு இதையும் விஞ்சிவிட்டது. அதன்படி கேபிளுக்குள் முறுக்கியோ சேர்த்தோ அமைந்த நான்கு கம்பி ஜோடிகள் காட்சியைச் சுமக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் நொடிக்கு 1,200 கோடி பிட்டுகள். நான்கும் சேர்ந்து 4,800 கோடி. கம்பியில் சைகைகள், ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கின்றன என்று கொள்வோம். அப்படியானால் ஒரு பிட் கம்பியில் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 10 மீட்டர் கம்பியில் எந்தக் கணத்தில் பார்த்தாலும் சுமார் 600 பிட்டுகள், எறும்புச் சாரை போல, ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறிவிடாமல் மறு முனையை அடையவேண்டும்.

அடைகின்றனவா? குறுகிய தூரத்தில் அடைகின்றன. நீண்ட தூரத்தில் இரண்டு இடையூறுகள் குறுக்கிடுகின்றன.

முதலாவது, மேற்பரப்பு விளைவு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாகத் திசை மாறி மாறி ஓடுகிறது. அத்தகைய மின்னோட்டம் செம்பினுள் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம் வரை பரவும். ஆகவே வீட்டுக் கம்பியின் பருமன் முழுவதும் அதற்குப் பயன்படுகிறது. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் உட்புறத்தை விட்டு ஒதுங்கி, மேல்தோலில் மட்டும் ஓடத் தொடங்குகிறது. ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறி வரும்போது இரண்டு பிட்டுகள் சேர்ந்தே ஓர் அலையாகின்றன. எனவே நாம் சொன்ன வேகத்தில் நொடிக்கு 600 கோடி அலைகள் வரை எழும். அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் இறங்கும் ஆழம், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அகன்ற சாலை இருந்தும் அதன் ஓரத்துக் கல்லின் மீது மட்டுமே நடக்கவேண்டியவனுடைய நிலைதான் அந்த மின்னோட்டத்துக்கு. செம்பு எவ்வளவு இருந்தாலும் தடை மிகுந்துவிடுகிறது.

இரண்டாவது, கம்பியைச் சுற்றியுள்ள காப்புப்பொருள். விரைந்து மாறும் மின்புலம் அப்பொருளின் மூலக்கூறுகளை அசைக்கிறது. அசைவில் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகிப் போகிறது. அதிர்வெண் கூடினால் இந்த இழப்பும் கூடும்.

இந்த இழப்புகளின் கணக்கு முறையையும் கவனிக்கவேண்டும். 5 மீட்டர் கம்பியைக் கடக்கையில் சைகையின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரைக் கடந்தால் இருபதில் ஒரு பங்கா எஞ்சும்? அல்ல, பத்தில் ஒரு பங்கிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றில் ஒன்று. 15 மீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. நீளம் கூட்டல் முறையில் வளர்கிறது. இழப்போ பெருக்கல் முறையில் வளர்கிறது. இத்தனை வேகத்தில் இயங்கும் சாதாரணச் செம்புக் கேபிள்கள் பெரும்பாலும் 5 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுவது இதனால்தான்.

சைகை மெலிவதோடு துன்பம் தீர்ந்துவிடுவதில்லை. விரைவான அசைவுகள் மிகுதியாகவும், மெதுவான அசைவுகள் குறைவாகவும் தேய்கின்றன. அதனால் கூர்மையாகப் புறப்பட்ட பிட், மழுங்கிப் பரந்து, பக்கத்துப் பிட்டின் இடத்திலும் கசிகிறது. ஈரத் தாளில் மையால் எழுதினால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். முற்காலத்துத் தொலைக்காட்சியில் சைகை மெலிந்தால் படத்தில் பனி பெய்வது போலப் புள்ளிகள் தோன்றும். ஆயினும் படம் ஓரளவு தெரியும். இன்றைய எண்முறைச் சைகை ஓர் எல்லை வரை சிறிதும் குறையின்றிப் படத்தைக் காட்டும்; அந்த எல்லையைத் தாண்டியதும் திடீரென்று இருண்டுவிடும். அன்று மண்டபத்தில் நாங்கள் கண்ட இருள் இதுதான்.

அப்படியானால் புறப்படும் இடத்திலேயே சைகையைப் பன்மடங்கு பலமாகச் செலுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தக் கேள்விக்கு உலகம் ஒரு முறை பெரும் விலை கொடுத்து விடை கண்டது.

1858-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அயர்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் தந்தி வடம் இடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தி நூறு சொற்களுக்கும் குறைவானது. அது போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆயிற்று. நீண்ட வடத்தில் சைகை ஏன் இப்படி மழுங்கிப் பரவுகிறது என்பதை வில்லியம் தாம்சன் என்ற அறிஞர் முன்பே கணித்துக் காட்டியிருந்தார்; கெல்வின் பிரபு என்று பிற்காலத்தில் புகழ் பெற்றவர் அவரே. ஆனால் வடத்தின் மின்பொறுப்பை ஏற்றிருந்த ஒயிட்ஹவுஸ் என்பவர் அதை ஏற்கவில்லை. பலம் போதாவிட்டால் பலத்தைக் கூட்டுவோம் என்று எண்ணினார். பெரிய தூண்டு சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தை வடத்தினுள் செலுத்தினார். வடத்தின் காப்பு ஏற்கெனவே குறையுடையது. இந்த அடியையும் அது தாங்கவில்லை. சில வாரங்களுக்குள் வடம் ஊமையாகிவிட்டது. பெரும் பொருளும் உழைப்பும் கடலடியில் கிடந்தன.

1866-ஆம் ஆண்டில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் பெருங்கப்பல் நல்ல வடத்தை இட்டது. முந்திய ஆண்டில் அறுந்து போன மற்றொரு வடத்தையும் மீட்டு முடித்தது. அப்போது லாட்டிமர் கிளார்க் என்ற பொறியியலார் ஒரு சோதனை செய்தார். அவ்விரண்டு வடங்களையும் ஒன்றாக இணைத்து, தையல்காரர் விரலில் அணியும் வெள்ளி விரலுறை ஒன்றில் சிறிதளவு அமிலத்தை விட்டு ஒரு சிறு மின்கலம் செய்து, அதைக் கொண்டே கடலைக் கடந்து சென்று மீளும் வகையில் சைகை அனுப்பிக் காட்டினார். மறு முனையில் தாம்சனின் நுண்ணிய கருவி அதை உணர்ந்தது. 2,000 வோல்ட் சாதிக்காததை ஒரு விரலுறை சாதித்தது! முரட்டுப் பலத்தால் தூரத்தை வெல்ல முடியாது என்பது முதற் பாடம்.

ஆனால் தந்தி வேறு, பேச்சு வேறு. பேச்சுக்கு அதிர்வெண் மிகுதி. எவ்வளவு நுண்ணிய கருவி இருந்தாலும் கடலுக்கு அப்பால் கேட்பதற்கு எதுவும் எஞ்சாது. இங்கேதான் நம் பழமொழி ஒன்று நினைவுக்கு வருகிறது. கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். புறப்படும்போது கொடுத்த பலம் கட்டுச்சோறு போன்றது. எவ்வளவு கட்டினாலும் வழியில் தீர்ந்தே போகும். நெடும்பயணம் செல்பவனுக்கு வேண்டியவை வழிநெடுகச் சத்திரங்களே. முற்காலத்தில் கடிதப் பையை ஓர் ஓட்டக்காரன் அடுத்தவனிடம் தர, அவன் களைப்பின்றி அடுத்த கட்டத்துக்கு ஓடுவான். அஞ்சல் என்ற சொல்லே அந்த ஏற்பாட்டை நினைவூட்டுவது. ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை அஞ்சல் செய்தல் என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

சைகையையும் இவ்வாறே அஞ்சல் செய்யலாம். வழியில் ஆங்காங்கே ஒரு பெருக்கியை வைத்து, மெலிந்து வரும் சைகைக்குப் புத்துயிர் கொடுத்து அனுப்பவேண்டும். நிலத்தில் இது எளிது. ஆழ்கடலின் அடியில் உள்ள பெருக்கிக்கு மின்சாரம் கொடுப்பவர் யார்? அங்கே மின்கம்பமும் இல்லை. மின்கலத்தை மாற்ற ஆளும் போக முடியாது. இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. எந்தக் கம்பியின் வழியே பேச்சு செல்கிறதோ, அதே கம்பியின் வழியே பெருக்கிக்கு வேண்டிய மின்சாரத்தையும் கரையிலிருந்து அனுப்புவது என்பதே அது.

1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் திறக்கப்பட்ட முதல் அட்லாண்டிக் தொலைபேசி வடம் இம்முறையில் இயங்கியது. ஸ்காட்லாந்தின் ஓபன் நகரிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில் வரை, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரு வடங்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக 51 பெருக்கிகள்; ஒவ்வொரு பெருக்கியிலும் மூன்று வால்வுகள். வந்து சேரும் சைகையின் ஆற்றலை ஒவ்வொரு பெருக்கியும் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாக உயர்த்தி அனுப்பியது. இவை அனைத்துக்கும் வேண்டிய மின்சாரம், ஒரு கரையில் நேர் அழுத்தமாகவும் மறு கரையில் எதிர் அழுத்தமாகவும் ஏறக்குறைய 2,000 வோல்ட் வீதம் வடத்தின் நடுக்கம்பியிலேயே செலுத்தப்பட்டது. ஒயிட்ஹவுஸ் வடத்தைக் கெடுத்ததும் ஏறக்குறைய இதே அழுத்தம்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அன்று அது சைகையையே அடித்துத் தள்ளும் தடியாக இருந்தது. 98 ஆண்டுகளுக்குப் பின், அதைத் தாங்கும் காப்புடைய வடத்தில், வழிநெடுக இருந்த பணியாளருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் உணவாக மாறியது. ஒரே சமயத்தில் பல உரையாடல்களைச் சுமந்த அந்த வடம் 1978 வரை தொண்டு செய்தது.

ஒரு கம்பியில் இரு வேறு மின்சாரங்கள் கலந்துவிடாவோ என்று நீங்கள் ஐயுறலாம். ஊட்டும் மின்சாரம் ஒரே திசையில் மாறாமல் ஓடுவது. பேச்சு விரைந்து அதிர்வது. மின்தேக்கி, மாறாத மின்னோட்டத்தைத் தடுத்து அதிர்வை விடும். மின்கம்பிச் சுருள், அதிர்வைத் தடுத்து மாறாத மின்னோட்டத்தை விடும். சல்லடை தவிட்டையும் மாவையும் பிரிப்பது போல இவ்விரண்டும் அவற்றைப் பிரித்துவிடும்.

இந்த ஏற்பாடு பழங்கதை ஆகிவிடவில்லை. சென்னையிலிருந்து அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் செல்லும் கடலடி வடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதில் செய்தியைச் சுமப்பது செம்பு அன்று. தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளில் ஓடும் ஒளி. ஆனால் சென்னைக்கும், அப்போது போர்ட் பிளேர் என்று வழங்கி 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகருக்கும் இடையில் அந்த ஒளியும் வழியில் களைக்கிறது. அதைப் பெருக்கும் கருவிகளுக்குரிய மின்சாரம், கண்ணாடி இழைகளைச் சூழ்ந்துள்ள உலோகத்தின் வழியே கரையிலிருந்தே செல்கிறது.

இனி நம் 15 மீட்டர் கேபிளுக்குத் திரும்புவோம். கடலுக்குச் சொன்ன நீதியே இதற்கும் பொருந்தும். இதன் செருகியினுள், நகத்தைவிடச் சிறிய ஒரு மின்னணுச் சில்லு மறைந்திருக்கிறது. கம்பி எந்த அதிர்வெண்ணை எவ்வளவு தேய்த்ததோ, அந்த அதிர்வெண்ணை அவ்வளவு உயர்த்தி, மழுங்கிய பிட்டுகளை மீண்டும் கூராக்குவது அதன் வேலை. இதைவிட நீண்ட தூரத்துக்கு ஒளியிழைக் கேபிள்களும் உண்டு. அவற்றில் ஒரு முனையில் நுண்ணிய லேசர், மறு முனையில் ஒளியை மின்சாரமாக்கும் உணரி. இத்தகைய கேபிள்களைச் செயலுறு கேபிள்கள் என்று சொல்லலாம். செயல் உண்டென்றால் உணவும் வேண்டும்.

அந்த உணவு எங்கிருந்து வரும்? எச்.டி.எம்.ஐ. செருகியில் 19 தொடுமுனைகள் உள்ளன. அவற்றுள் 18-ஆவது முனையில் 5 வோல்ட் மின்சாரம் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஆனால் அது வேறு ஒரு காரியத்துக்காக வைக்கப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு சிறு நினைவுச் சில்லில் அதன் ஜாதகம் எழுதப்பட்டிருக்கும்: திரையின் அளவு என்ன, எத்தனை புள்ளிகளைக் காட்டும், எத்தனை வேகத்தில் காட்டும் என்னும் விவரங்கள். பெட்டி அணைந்து கிடந்தாலும் கணினி அந்த ஜாதகத்தைப் படிக்க முடியவேண்டும். அதற்காகவே அந்த 5 வோல்ட். சைகை தரும் கருவி குறைந்தது 55 மில்லியாம்பியர் தரவேண்டும் என்பது பழைய விதி; அதில் 50 வரை காட்சிக் கருவி எடுத்துக்கொள்ளலாம். எஞ்சுவது 5 மில்லியாம்பியர். 5 வோல்ட்டில் அது ஒரு வாட்டின் நாற்பதில் ஒரு பங்கு. விருந்தினருக்கெல்லாம் இலை போட்டபின் பரிமாறியவனுக்கு எஞ்சிய ஒரு கவளம் என்று அதைச் சொல்லலாம்.

ஆகவே கேபிள் செய்தவர்கள் வெளியே கை நீட்டவேண்டியிருந்தது. செருகியிலிருந்து ஒரு வாலைத் தொங்கவிட்டு, அதைக் கணினியின் வேறு துளையிலோ சுவர்ச் செருகியிலோ சொருகச் சொன்னார்கள். நான் அன்று காணத் தவறியது அந்த வாலைத்தான். வேறு சில கேபிள்கள் வாலில்லாமல் அந்த 5 வோல்ட் முனையிலிருந்தே கூடுதலாக இழுத்துக்கொண்டன. தாராளமாகத் தரும் கருவியோடு அவை வேலை செய்யும். விதிப்படி அளந்து தரும் கருவியோடு வேலை செய்யாது. ஒரு வீட்டில் படம் காட்டிய கேபிள் அடுத்த வீட்டில் காட்டாது. வாங்கியவர் யாரைக் குறை கூறுவார்?

இந்தக் குழப்பத்துக்கு 2022-ஆம் ஆண்டில் வெளியான 2.1ஏ என்ற பதிப்பு ஒரு முடிவு சொன்னது. கேபிளுக்கு மின்னூட்டம் என்னும் புதிய வசதியைக் கொண்ட கருவி, அதே செருகியின் வழியே கேபிளுக்காக 300 மில்லியாம்பியர் வரை தரும். 5 வோல்ட்டில் அது ஒன்றரை வாட். ஒரு 9 வாட் விளக்கு உண்பதில் ஆறில் ஒரு பங்குதான். ஆயினும் சில்லுக்கு அது வயிறார உணவு. தனி வால் தேவையில்லை.

ஏன் 300-ஓடு நிறுத்தினார்கள், தாராளமாகத் தந்தால் என்ன என்று கேட்பவர்கள் தாமே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 0.32 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 10 மீட்டர் கேபிளில் மின்சாரம் போகவும் வரவும் 20 மீட்டர். தடை சுமார் 4.2 ஓம். அதில் 0.3 ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி, ஏறத்தாழ ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே செலவாகும். 5 வோல்ட்டாகப் புறப்பட்டது மூன்றே முக்கால் வோல்ட்டாகப் போய்ச் சேரும். மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பும் இரட்டிக்கும். உணவைச் சுமந்து செல்பவன் வழியில் உண்பதும் கணக்கில் சேரும் அல்லவா? அளவறிந்து கொடுப்பதே இங்கு அறிவுடைமை.

இந்த வசதிக்கு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, கேபிள் மட்டும் புதியதாக இருந்தால் போதாது; சைகை தரும் கணினியோ வேறு கருவியோ இந்த மின்னூட்டத்தைத் தரவல்லதாக இருக்கவேண்டும். பழைய கருவி பழைய அளவே தரும். அத்தகைய கருவிகளோடு இணைப்பதற்குத் தனி மின்னிணைப்பை ஏற்கும் வழியையும் கேபிளோடு சேர்த்து வைக்கிறார்கள். இரண்டாவது, இக்கேபிளுக்குத் தலை வேறு, கால் வேறு. மின்சாரம் தரும் கருவியில் செருகவேண்டிய முனை இது என்றும், காட்சிக் கருவியில் செருகவேண்டிய முனை இது என்றும் அதன்மேலேயே பொறித்திருக்கும். மாற்றிச் செருகினால் கேடு ஒன்றும் விளையாது. ஆனால் படமும் வராது.

ஆதலால் மாணவர்களே, நீண்ட கேபிளில் படம் வரவில்லையென்றால், என்னைப் போல உடனே தீர்ப்புக் கூறிவிடாதீர்கள். முதலில் முனைகளில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பிறகு வால் ஏதேனும் தொங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, சைகையின் வேகத்தைக் குறைத்து, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். அப்போது படம் வந்தால் கேபிள் இறக்கவில்லை, இளைத்திருக்கிறது என்று பொருள். நல்ல பொருள்கள் பல, அவற்றின் தேவை இன்னதென்று அறியாத காரணத்தாலேயே குப்பைக்குப் போகின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னதாக இன்னொன்றையும் எண்ணுங்கள்: இவ்வளவு நீளம் உண்மையிலேயே வேண்டுமா?

அந்தப் பள்ளி மாணவர்கள் அதைத்தான் எண்ணினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கணினியையும் ப்ரொஜெக்டரையும் எடுத்துக்கொண்டு பாட்டியின் தெருவுக்கே போனார்கள். இரண்டையும் ஒரே மேசைமேல் அருகருகே வைத்து, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரணக் கேபிளால் இணைத்தார்கள். அதற்குச் சில்லும் இல்லை, தனி உணவும் வேண்டியதில்லை. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் ஏரி விரிந்தது. பாட்டி தம்மைத் தாமே பார்த்தார். "அந்த வருஷம் கலிங்கு நிறைந்து தண்ணீர் போயிற்று" என்று சுவரில் தாம் சொல்வதைத் தாமே கேட்டுத் தலையசைத்தார்.

கேள்வி கேட்ட மாணவி அன்றும் அங்கே இருந்தாள். அவளுக்குரிய விடை இதுதான்: குறுகிய தூரத்துக்குக் கம்பி வெறும் கம்பியே. தூரம் கூடும்போது, சுமப்பவர் களைப்பார் என்பதை ஏற்று, அவருக்கும் வழியில் உணவு ஏற்பாடு செய்யவேண்டும். கடலடி வடத்துக்கும் மண்டபத்துக் கேபிளுக்கும் விதி ஒன்றே.